பஞ்சநாதத்தின் இடுப்பில் விழுந்த உடுக்கை

பஞ்சநாதத்தின் இடுப்பில் உடுக்கை விழுந்த அன்று காலையில் அவர் உசேன் பாய் கடை பெஞ்சில் கிழக்குப் பார்த்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார், வெயில் நேராக அவர்மேல் அடித்தது, நெற்றி வெளிச்சமாக இருந்தது, மார்பு வெளிச்சமாக இருந்தது, முழங்கால் இரண்டும் வெளிச்சமாக இருந்தன, ஆனால் ஒரு விலாவிலிருந்து மறு விலா வரைக்கும், இரண்டு ஓரத்திலும் அகன்று தொப்புளுக்கு நேராகக் குறுகி, ஓர் இருட்டு அவர்மேல் படுத்துக் கிடந்தது. அதை முதலில் பார்த்தவன் நான். எல்லைக்காளிக்கு வருஷா வருஷம் மிளகாய் அரைத்துப் பூசி அவர் பேரைச் சொல்லி வந்தவன் நான் என்பதால், முதலில் பார்க்கிற உரிமையும் எனக்குத்தான் இருந்தது.

“மாமா, இடுப்புல என்ன கரி?” என்றேன். எங்கள் தெருவில் வேண்டியவர், வேண்டாதவர் எல்லோரையும் மாமா என்றுதான் கூப்பிடுவது.

குனிந்து பார்த்துத் தட்டிவிட்டார். தட்டிய கை இருட்டுக்குள் போய்க் காணாமல் போனது, வெளியே எடுத்ததும் மறுபடி கையாக இருந்தது.

“டீ சிந்திருச்சு போல.”

“டீ இவ்வளவு திக்கா இருந்தா நாங்க ஏன் அடுத்த தெருவுக்குப் போறோம்?”

“காலங்காத்தால என் டீயை ஏன்ப்பா இழுக்கறே, செல்லக்கண்ணு” என்றார் உசேன் பாய், எட்டிப் பார்த்தார், பார்த்துவிட்டுப் பாலைக் கிளறப் போய்விட்டார், ஏனென்றால் மணிப்பள்ளத்தில் பிறந்த யாருக்கும் அது என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை.

மணிப்பள்ளத்தில் வீட்டுக்கு வீடு சாணை உண்டு. அரக்குக் குச்சியின் நுனியில் கல்லை ஒட்டிச் சாணையில் கொடுத்துப் பட்டை போடுவதுதான் எங்கள் பிழைப்பு. உருண்டைக் கல் யாருக்கும் வரும், வட்டத்துக்குள் போன வெளிச்சம் வட்டமாகவே திரும்பி வந்துவிடும். நீளக் கல்தான் ஆளைச் சோதிக்கும். அதிலும் இரண்டு முனையும் கூர்ந்து, நடுவில் வயிறு வைத்து, ஓடம் போல இருக்கிற கல்லை, வடநாட்டு வியாபாரிகள் மார்க்கீஸ் என்பார்கள், நாங்கள் ஓடக் கல் என்போம். அகலத்தைப் போல இரண்டு பங்கு நீளம் இருந்தால் அழகு, அதற்கு மேல் போனால் புழு, கீழே வந்தால் புளியங்கொட்டை. முனை இரண்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும், ஒன்று வடக்கே பார்த்து ஒன்று வடகிழக்கே பார்த்தால் அந்த ஓடம் கரை சேராது. இதெல்லாம் சரியாக வந்த பிறகும் கல்லின் நடுவயிற்றில் குறுக்காக ஒரு கறுப்பு விழும், இரண்டு பக்கமும் அகன்று நடுவில் ஒட்டி. அதற்குப் பேர்தான் உடுக்கை. அது கல்லுக்குள் இருக்கிற அழுக்கு இல்லை. குனிந்து பார்க்கிறவனின் தலை மறைக்கிற வெளிச்சம்தான் அப்படிக் கறுப்பாகத் திரும்பி வருகிறது. உடுக்கை விழாத நீளக் கல் உலகத்தில் கிடையாது. நல்ல கல்லாக இருந்தால் லேசாகச் சாய்த்ததும் அந்தக் கறுப்பு ஓடிவிடும், அந்த இடத்தில் நெருப்பு வரும். கெட்ட கல்லை எந்தப் பக்கம் சாய்த்தாலும் உடுக்கை நகராது. அதனால் விவரம் தெரிந்தவன் உடுக்கை இருக்கிறதா என்று கேட்கமாட்டான், உடுக்கை ஓடுகிறதா என்று கேட்பான்.

விவரம் தெரியாதவர்கள் லால்குடியில் இருந்தார்கள். அரிசி மண்டிக்காரர்கள், நல்ல குடும்பம், பல வருஷத்துக்கு முன்னால், நாங்கள் குழலி என்று கூப்பிடும் என் தங்கை மட்டுவார்குழலியைப் பெண் கேட்டு வந்தார்கள். எங்கள் அப்பா தன் கையால் பட்டை போட்ட வைரம் ஒன்று, ஓடக் கல், அதை அவள் மூக்குத்திக்கு என்று வைத்திருந்தார். பஞ்சநாதம் தன் அக்காள் மகளுக்கு அதைக் கேட்க, அப்பா தரமாட்டேன் என்று சொல்லியிருந்தார். வைரம் ஒரு வீட்டுக்குப் போகும் முன்னால் அந்த வீட்டுச் சாமி விளக்கடியில் சில நாள் இருக்க வேண்டும், கெட்ட கனவு வரக்கூடாது, பால் திரியக்கூடாது, பல்லி தப்பாகச் சொல்லக்கூடாது. லால்குடியில் கல் இருந்த நாளெல்லாம் ஒரு பல்லியும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒரு மரியாதைக்காகக் கல் பார்க்கிறவரிடமும் காட்டிவிடலாம் என்று மாப்பிள்ளையின் அம்மா பஞ்சநாதத்திடம் கொண்டுவந்தாள். அவர் கல்லை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, “கல்லுல உடுக்கை இருக்கு” என்றார்.

“உடுக்கையா? பேய் ஓட்டறாங்களே, அதா?”

“நான் பாத்ததைச் சொன்னேன்” என்று கையை விரித்தார்.

வெற்றிலை பாக்கோடு கல் திரும்பி வந்தது. ஆவணியில் அதே மாப்பிள்ளைக்கும் பஞ்சநாதத்தின் அக்காள் மகளுக்கும் கல்யாணம் நடந்தது. சண்டைக்குப் போன அப்பாவை நடுத்தெருவில் நிறுத்தி, “நான் பொய்யா சொன்னேன்? உன் கல்லுல உடுக்கை இல்லையா? இல்லைன்னு உன் வாயால சொல்லு பாப்போம்” என்று கேட்டார். தொழில் தெரிந்த அப்பாவால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாத அந்தச் சொல் தொண்டையிலேயே இருக்க, அடுத்த மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு குழலியைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் தெருமுனையில் இருந்தே திரும்பினார்கள். உடுக்கைக்காரி என்று பேர் வைத்துவிட்டார்கள். அவள் அந்தக் கல்லைத் தானே மூக்கில் குத்திக்கொண்டு சாணையில் உட்கார்ந்தாள், தலை நரைத்த பிறகும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு வேண்டியது அவருடைய உயிர் இல்லை. ஊர் நடுவில், அவர் வாயால், குழலியின் கல் சுத்தம் என்று ஒரு வார்த்தை. அதற்காகத்தான் மிளகாய்.

இருட்டு விழுந்த பிறகு பஞ்சநாதம் வேட்டியை மாற்றினார், புது வேட்டியிலும் அது வந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்தார், எண்ணெய் வழுக்கியது, இருட்டு வழுக்கவில்லை. திருச்சிக்குப் போய் எக்ஸ்ரே எடுத்தார், எலும்புகளுக்கு நடுவில் அங்கேயும் அது அகலமாகத் தொடங்கி ஒடுங்கி மறுபடி அகன்றது. டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை தெருவே சேர்ந்து, நமக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதானே என்று, அவரைக் கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்து முச்சந்தி வெயிலில் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தது.

“தலைமாட்டைத் தூக்கு” என்றான் பட்டறைக்கார அந்தோணி.

“தூக்கியாச்சு.”

“ஓடுதா?”

“எங்க ஓடும், குடக்கூலிக்கு வந்த மாதிரியா இருக்கு? சொந்த வீடு மாதிரில்ல உக்காந்திருக்கு.”

“கால்மாட்டைத் தூக்கிப் பாரு. இப்ப ஒருக்களிச்சு வை.”

“வயசானவனைப் போட்டு உருட்டாதீங்கடா, பாவிகளா” என்றார் பஞ்சநாதம்.

“கொஞ்சம் பொறுங்க மாமா. எங்க கல்லையெல்லாம் நீங்க உருட்டும்போது அது ஏதாச்சும் சொல்லுச்சா?”

அந்தோணி கண்ணைச் சுருக்கி ஒரு முறை பார்த்து, “மூணாந்தரம்” என்று தீர்ப்புச் சொன்னான், தெரு சிரித்தது, அவர் கட்டிலில் கிடந்து என்னைப் பார்த்தார், நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். அன்று மத்தியானம் நான் தின்ற கத்திரிக்காய்க் குழம்பின் ருசி பிறகு எந்தக் குழம்பிலும் வரவில்லை.

அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தது ஒரு பிரதோஷம். சிவன் கோயிலுக்குப் போயிருந்தவரை, கல் தொழில் அறியாத தர்மகர்த்தா கனகசபை பார்த்துவிட்டு, “என்னய்யா இது இடுப்புல?” என்று கேட்க, பக்கத்தில் இருந்தவன் எங்கள் தெரு வழக்கப்படி, “உடுக்கைங்க” என்றான். தர்மகர்த்தா நடராசரின் வலது கையைப் பார்த்தார், பஞ்சநாதத்தின் இடுப்பைப் பார்த்தார், மறுபடி நடராசரைப் பார்த்தார், அவருடைய மேல்துண்டு தானாகத் தோளிலிருந்து இறங்கி இடுப்புக்கு வந்தது. “அப்பனே, உன் உடுக்கையை இந்த மனுஷன்கிட்டயா குடுத்து வச்சிருக்கே” என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு கிழவர் பஞ்சநாதத்தின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். காலையில் தின்ற பழைய சோறு உள்ளே புரண்டிருக்க வேண்டும். “கேக்குது! அடிக்கிற சத்தம் கேக்குது!” என்று அவர் கத்தியபோது மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

பிறகு ஊர் ஊராக வந்தார்கள். குழந்தை பேசாதவர்கள் வந்தார்கள், பேசுகிற மாமியார் உள்ளவர்கள் வந்தார்கள், பஸ்காரர்கள் முச்சந்தியில் நிறுத்தி, உடுக்கையப்பர் எல்லாம் இறங்கு என்றார்கள். உசேன் பாய் இரண்டாவது பாய்லர் வாங்கினார். மூன்றாந்தரம் என்று தீர்ப்புச் சொன்ன அந்தோணி, மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிய கையோடு வந்து பஞ்சநாதத்தின் வீட்டு வாசலில் வரிசையை ஒழுங்குபடுத்தினான். கல்யாணத்துக்குக் கல் வாங்குகிறவர்கள் உடுக்கை உள்ள ஓடக் கல்லாகக் கேட்டார்கள், கறுப்பாகக் கேட்டார்கள், எந்தப் பக்கம் சாய்த்தாலும் நகராததாகக் கேட்டார்கள். அதனால் பட்டறைகள் எல்லாம் கல்லின் வயிற்றை வேண்டுமென்றே கெடுத்து வெட்டத் தொடங்கின, ஒரு காலத்தில் அப்பன் அடித்துத் திருத்திய தப்பை மகன் பெருமையாகச் செய்தான், நல்ல கல் வெட்டியவன் அதை யாருக்கும் காட்டாமல் மறைத்தான். குழலிக்குக் கெட்ட கல் வெட்ட வரவில்லை. அவள் வெட்டிய கல்லெல்லாம் திரும்பி வந்தன. சாய்த்தால் உடுக்கை ஓடிவிடுகிறதே, சிவன் தங்காத கல்லை யார் வாங்குவார்கள் என்றார்கள். உடுக்கைக்காரி என்று பேர் வைத்த அதே வாய்கள் அவளை உடுக்கை தங்காதவள் என்றன.

“ஒரு பேரை மாத்தறதுக்கு இந்த ஊருக்கு இவ்வளவு நாள் ஆயிருக்கு பாரேன், அண்ணே” என்று குழலி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மிளகாய் அரைத்துப் பூசிக் கேட்ட தண்டனைக்குக் காளி மாலை போட்டு அனுப்பியிருக்கிறாளே என்று கோயிலுக்குப் போவதையே விட்டேன்.

மார்கழி பிறந்து ஒரு பகலில், தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, பஞ்சநாதம் எங்கள் வீட்டுப் பின்வாசல் வழியாக வந்தார். நான் அரிவாள்மனையைப் பார்த்தேன். குழலி என்னைப் பார்த்து, “உக்காரு அண்ணே” என்றாள், அவரைப் பார்த்து, “நீங்களும்தான் மாமா” என்றாள்.

அவர் உட்கார்ந்தார். மடியில் வைத்த கைகள் மறைந்துபோயின.

“பேரன் மடியில உக்கார மாட்டேங்கிறான் குழலி. உள்ள விழுந்துருவேன் தாத்தாங்கிறான். தட்டை மடியில வச்சுச் சாப்பிட்டா சோறு கண்ணுக்குத் தெரியல. சித்திரை வெயில்லயும் அங்க மட்டும் சில்லுன்னு இருக்கும்னு தோணுது. ராவும் பகலும் வந்து தொட்டுத் தொட்டுப் பாக்கறாங்க. இது எதனாலன்னு எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.”

“எனக்கும் தெரியும்” என்றேன் நான்.

“உன்னைக் கேக்கல” என்றார்.

குழலி மூக்குத்தியைக் கழற்றினாள். நான் பார்த்து அவள் அதைக் கழற்றியது அதுதான் முதல் தடவை. அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோய், குனிந்து பார்த்தார், மெல்லச் சாய்த்தார். அந்தக் கல்லிலிருந்து எழுந்த வெளிச்சம் அவருடைய கண்ணிமையில் ஊசி போல நின்றது.

“ஓடுது” என்றார். “அன்னிக்கும் ஓடுச்சு. பாத்தேன். சொல்லல.”

“அன்னிக்கு நீங்க உள்ள பாத்த கறுப்பு உங்க தலைதான் மாமா” என்றாள் குழலி. “அதைத் தூக்கிட்டுப் போய் என் தலையில வச்சீங்க.”

அவர் அழுதார். எனக்கு ஒன்றும் இளகவில்லை, முதலைக்கும் கண்ணீர் உண்டு.

“திருவாதிரை அன்னிக்கு ஊர் கூடும்” என்றார். “உன் கல்லுல பழுதில்லைன்னு சொல்லிடறேன்.”

“அது பத்தாது. இப்ப எவன் காதுல அது ஏறும்? உங்க மேல இருக்கறது சாமி உடுக்கை இல்ல, ஓடாத உடுக்கை, கெட்ட கல்லுக்கு வர்றதுன்னு சேத்துச் சொல்லுங்க. அப்பத்தான் என் கல் எதனால நல்ல கல்லுன்னு விளங்கும். எல்லாரும் ஒழுங்கா வெட்டவும் செய்வாங்க.”

மூக்குத்தியை அவள் கையில் திருப்பி வைத்துவிட்டு, “சொல்றேன்” என்று கிளம்பிப் போனார். குழலி கல்லை மூக்கில் போட்டுக்கொண்டு, யாரோ தோளிலிருந்து மூட்டையை இறக்கிவிட்டது போல உட்கார்ந்திருந்தாள். “என்கிட்டச் சொன்னதே பாதி போதும் அண்ணே” என்றாள். எனக்குப் பாதி போதாது.

திருவாதிரை அன்று நடராசருக்கு அபிஷேகம் ஆகி, களி படைத்து, வெயில் ஏறியபோது பஞ்சநாதத்தை மண்டபத்தில் ஒரு மரச்சிங்காதனத்தில் உட்கார வைத்துப் பரிவட்டம் கட்டினார்கள். அவர் எழுந்து நின்றார். தவில் நின்றது.

“இது உடுக்கை இல்ல” என்றார். “இது பழுது. நான் ஒரு பொண்ணு வாழ்க்கையைக் கெடுத்தேன், அதனால வந்தது.”

கூட்டம் உருகியது. “எவ்வளவு அடக்கம் பாத்தியா!” என்றாள் ஒருத்தி. “பெரியவங்க அப்படித்தான் பேசுவாங்க.”

“மட்டுவார்குழலியோட கல்லுல பழுதே கிடையாது. அதுல உடுக்கை நிக்காது, ஓடிடும்.”

“ஐயோ, சாமி வாயாலயே வந்துருச்சே, அவ கல்லுல உடுக்கை நிக்காதுன்னு” என்று பெண்கள் பக்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது. குழலியை எல்லோரும் பரிதாபமாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் கத்தினார், பரிவட்டத்தை அவிழ்த்துப் போட்டார், அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மறுபடி கட்டினார்கள். கடைசியில் கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்து, “செல்லக்கண்ணு சொல்லட்டும்! அவனுக்கு என்னைக் கண்டா ஆகாது. எனக்காக அவன் பொய் சொல்லமாட்டான். அவனைக் கேளுங்க!” என்றார்.

அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. தர்மகர்த்தா என் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்தார்.

“நீ கல்லுக்காரன். அவருக்கு வேண்டாதவன். நீ சொன்னா ஊர் கட்டுப்படும். அவர் இடுப்புல இருக்கறது என்னப்பா?”

தூண் ஓரமாகக் குழலி நின்றாள். அவள் முகத்தில் ஒன்றே ஒன்றுதான் எழுதியிருந்தது, சொல்லு அண்ணே என்று. ஓடாத உடுக்கை, கெட்ட கல்லின் குறி, என் தங்கையின் கல் சுத்தம், அவ்வளவுதான், அதைச் சொல்லிவிட்டால் அவளுடைய கல் விற்கும், பேர் துலங்கும், பட்டறைகள் திருந்தும். எல்லாம் எனக்குத் தெரிந்தது. ஆனால் அதைச் சொன்னால் பஞ்சநாதம் சிங்காதனத்திலிருந்து இறங்கி, சாதாரண மனுஷனாக வீட்டுக்கு நடந்து போவார், பேரன் மடியில் வந்து உட்கார்ந்தாலும் உட்காருவான், செய்ததைச் சொல்லிவிட்டேன் என்று நிம்மதியாகக் கால் நீட்டிப் படுப்பார் என்பதும் தெரிந்தது. நடுத்தெருவில் வாயடைத்து நின்ற அப்பா எப்போது கால் நீட்டிப் படுத்தார்? பஞ்சநாதம் இரண்டு கையையும் கூப்பினார். கூப்பிய கை இடுப்புக்கு நேராக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

“உடுக்கை” என்றேன்.

மண்டபம் அதிர்ந்தது. தவில் பிளந்தது, சங்கு ஊதினார்கள், பஞ்சநாதத்தைச் சிங்காதனத்தோடு தூக்கித் தோளில் வைத்தார்கள், வெயில் படும்படி இப்படியும் அப்படியும் சாய்த்தார்கள், ஒவ்வொரு சாய்ப்புக்கும் இருட்டு நகராமல் நின்றதைப் பார்த்து ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அவர் என்னவோ சொல்லிக்கொண்டே போனார். அன்றோடு அவர் சொல்வதைக் கேட்கிற பழக்கம் மணிப்பள்ளத்தில் நின்றது. கல் பேசுமா?

வீட்டுக்கு வந்ததும் குழலி சாணையைச் சுற்றுகிற வார்ப்பட்டையை அவிழ்த்தாள்.

“நீ எனக்காகக் காத்திருந்தேன்னு நெனச்சேன் அண்ணே” என்றாள். “நீ உனக்காகக் காத்திருந்திருக்கே.”

“நம்ம அப்பாவுக்காகடி.”

“அப்பா இருந்திருந்தா ஓடாததுன்னு சேத்துச் சொல்லியிருப்பாரு.”

மறுநாள் திருச்சிக்குப் பஸ் ஏறினாள். அங்கே ஒரு பட்டறையில் இன்னும் உடுக்கை ஓடுகிற கல்லாகக் கேட்கிறார்களாம். பொங்கலுக்கு வருவாள் என்று அந்தோணி சொன்னான், வரவில்லை. நான் சமைக்கப் பழகிக்கொண்டேன்.

இப்போது ஒவ்வொரு திருவாதிரைக்கும் உடுக்கையப்பரின் சிங்காதனம் முதலில் என் வீட்டு வாசலில்தான் நிற்கிறது, சாட்சி சொன்னவன் வீடு என்று ஊர் எனக்கு வைத்திருக்கிற மரியாதை அது. அவர் இளைத்துவிட்டார், இருட்டு மட்டும் இளைக்கவில்லை. நான் கற்பூரத் தட்டோடு கிட்டே போகும்போது குனிந்து என் காதில் சொல்கிறார், குழலி கல் சுத்தம், குழலி கல் சுத்தம் என்று. தவில் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்பதில்லை. கற்பூரம் அணைந்த பிறகும் நான் தட்டை இறக்காமல் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், இன்னொரு முறை சொல்லட்டும் என்று.